யோகக்காவின் வயலுக்கு அடியில்

ஓமந்தைச் சோதனைச்சாவடியில் என் பெட்டியைத் திறந்த சிப்பாய் இரண்டு எட்டு பின்னால் போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கைக்கு அடக்கமான ஆரஞ்சு நிறக் குப்பிகள், ஒவ்வொன்றின் அடியிலும் கூரான இரும்பு ஆணி, எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு நீளமாக ஒரு கறுப்புக் கம்பி. சண்டை நின்று ஒரு வருடம் ஆகியிருந்த ஊரில் இதை யார் சும்மா விடுவார்கள்? என் ஆங்கிலம் அவனிடம் எடுபடவில்லை. எனக்குச் சிங்களம் சுட்டுப் போட்டாலும் வராது. கடைசியில் வேன் ஓட்டிவந்த ஜமால்தீன் நானா, அதாவது ஜமால்தீன் அண்ணன், முன்னால் வந்து நீளமாக ஏதோ சொன்னார். சிப்பாய் சிரித்துவிட்டுப் பெட்டியை மூடினான்.

"என்ன சொன்னீங்க நானா?" என்று கேட்டேன்.

"கிணறு வெட்ட இடம் பாக்கிற இந்திய வாத்தியார் எண்டு சொன்னனான். உண்மையைச் சொன்னா இண்டைக்கு இஞ்சதான் படுக்கை."

உண்மை அப்படி ஒன்றும் ஆபத்தானதல்ல, நம்புவதற்குத்தான் கஷ்டம். நிலத்துக்குப் பலமாக ஓர் அதிர்வைக் கொடுத்தால் அது கீழே போகும். பாறையின் தன்மை மாறுகிற இடத்திலெல்லாம் அதில் கொஞ்சம் திரும்பி மேலே வரும், கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்புகிற மாதிரி. எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதைக் கொண்டு எவ்வளவு ஆழம் என்று சொல்லலாம். எண்ணெய் தேடுகிறவர்கள் நாலைந்து விநாடி கேட்டுவிட்டு மூட்டை கட்டிவிடுவார்கள். எங்களுக்கு அது போதாது. கண்டத்தின் ஓடு எங்கே முடிகிறதோ, முப்பது நாற்பது கிலோமீட்டருக்குக் கீழே, அங்கிருந்து வருகிற முனகல்தான் எங்களுக்கு வேண்டும். வன்னியின் பாறையும் எங்கள் மதுரைப் பக்கத்துப் பாறையும் ஒரு காலத்தில் ஒரே நிலம் என்று எங்கள் துறையில் ஒரு பேச்சு உண்டு. மேலே பார்த்தால் ஒத்துப்போகிறது. அடியிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வரத்தான் திருச்சிக்காரனான என்னை அனுப்பினார்கள்.

ஊரில் என்றால் ஆழமாகத் துளை போட்டு, வெடிமருந்தை இறக்கி, விசையைத் தட்டிவிடுவோம். இங்கே வெடிமருந்து என்ற சொல்லைச் சோதனைச்சாவடியில் வாய்விட்டுச் சொன்னாலே தீர்ந்தது கதை. கொழும்பில் ஒரு நண்பர்தான் வழி சொன்னார். வன்னியில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் தோண்டி எடுத்த மிதிவெடிகளையும் வெடிக்காத எறிகணைகளையும் சேர்த்துவைத்து, ஒரு குழியில் போட்டு மொத்தமாக வெடிக்கவைக்கிறார்கள். அவர்கள் எப்படியும் வெடிக்கவைக்கத்தான் போகிறார்கள், நீ காதை மட்டும் வைத்துக்கொள் என்றார். கேட்டவுடன் எனக்கு வாயெல்லாம் பல். காசில்லாமல் கிடைக்கிற வெடி, யாருக்கும் கேடில்லாத வெடி என்று நினைத்தேன்.

இராணுவத்தின் பக்கம், போராளிகளின் பக்கம் என்று இரண்டு பக்கச் சோதனையும் முடிந்து வெளியே வந்தபோது உச்சி வெயில். வீதியோரத்தில் ஒரு கணவனும் மனைவியும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நானா வேனை நிறுத்தி, "எவடத்துக்கு?" என்று கேட்டார்.

"புளியங்குளம். பஸ் இடமில்லை எண்டு விட்டிட்டுப் போட்டான்," என்றார் அந்த அம்மா. "மூட்டையை இறக்கிப்போட்டு ஏறச் சொன்னவன். இதை இறக்கிப்போட்டு நான் என்னத்துக்குப் போறது?"

மூட்டையில் இருந்தது விதைநெல். மொட்டைக்கறுப்பன் என்று ஒரு ரகம், மழைக்கு முன்னால் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். அந்த அம்மா அதை என் கருவிப் பெட்டிக்கும் முன்னால் பத்திரமாக ஏற்றினார். அவர் பெயர் யோகேஸ்வரி. வேன் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு யோகக்கா ஆகிவிட்டார். கணவர் தர்மலிங்கம், பேசாத மனிதர். இருவரும் பன்னிரண்டு வருடம் திருச்சிப் பக்கத்தில் அகதி முகாமில் இருந்துவிட்டு அந்த மாதம்தான் திரும்பியிருந்தார்கள்.

"திருச்சியா? நான் திருச்சிதான் அக்கா!" என்றேன்.

"அட, அப்படிங்களா தம்பி! மலைக்கோட்டை பக்கமா, பாலக்கரை பக்கமா?" என்று அச்சு அசலான எங்கள் ஊர்த் தமிழில் கேட்டுவிட்டு, கணவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அங்க ஓம் எண்டு வாயைத் திறந்தா சிலோன்காரி எண்டு தெரிஞ்சுபோயிடும். ஆமா ஆமா எண்டு சொல்லிச் சொல்லி நாக்குப் புளிச்சுப்போச்சு. இனி சாகுமட்டும் ஓம்தான்."

"உவள்தான் வரவேணும் எண்டு நிண்டவள்," என்றார் தர்மலிங்கம் அண்ணன், பாதி வழி வந்த பிறகு. "நான் வேண்டாம் எண்டனான். இன்னும் ஒரு வருசம் பாப்பம் எண்டனான்."

"பாத்துப் பாத்துத்தான் பன்னிரண்டு வருசம் போச்சு," என்றார் யோகக்கா. "இந்தப் போகம் விதைக்கிறன். அதுக்குப் பிறகு என்னவும் நடக்கட்டும்."

வழியில் வேனின் ரேடியேட்டர் கொதித்து நின்றது. நானா பக்கத்துக் குளத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். யோகக்கா பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்குப் பாணும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தார். பாண் என்றால் ரொட்டி. எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதை இங்கே ஒரு நாடே மூன்று வேளையும் சாப்பிடுகிறது. முதல் வாயில் நொந்துகொண்டேன். சம்பல் காரம் தலைக்கேறிய பிறகு இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கினேன்.

புளியங்குளத்தில் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் நகுலன். முப்பது வயது இருக்கும். கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், இப்போது நிலத்தைத் துழாவுகிறவர். தகரக் கொட்டகைதான் அலுவலகம். அதிலேயே ஒரு மூலையில் எனக்குப் படுக்கை. மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே யோகக்கா வந்து நின்றார்.

"நகுலன் தம்பி, எங்கட வயல் எப்ப?"

"அக்கா, நேற்று வந்து இண்டைக்கே கேட்டா? வீட்டு நிலமும் ஒழுங்கையும் கிளியர் பண்ணித் தந்தாச்சு. முதல்ல பள்ளிக்கூடம், பிறகு றோட்டு, கிணறு, வீடு. வயல் கடைசி. உங்கட வயல் தைக்குத்தான் வரும்."

"தைக்கு அறுக்கிறதோ விதைக்கிறதோ?" யோகக்காவுக்குக் குரல் ஏறியது. "ஐப்பசி மழைக்கு முன்னம் விதை விழவேணும். வயல் இல்லாட்டி வீட்டுக்குள்ள இருந்து என்னத்தைத் தின்னிறது, கூரையையோ?"

"விதைச்சுப்போட்டு அறுக்க ஆள் இருக்கவேணும் எல்லே அக்கா," என்றார் நகுலன் மெதுவாக. அவருக்கு இது பழகிப்போன பேச்சு என்று தெரிந்தது. "சிவப்புக் கட்டைக்கு அங்கால கால் வைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"ஆடு மாடெல்லாம் மேயுது, ஒண்டும் வெடிக்கேல்ல."

"சத்தியம் பண்ணுங்கோ அக்கா."

யோகக்கா தலையில் கைவைத்து, "என்ர அம்மாளாணை வைக்கமாட்டன்," என்றார். போகும்போது என்னைப் பார்த்து, "நீங்கள் படிச்ச ஆள், ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் என்ன சொல்ல? முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல வந்தவன் நான். முக்கால் அடி ஆழத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்றும் மறுநாளும் கம்பி விரிக்கிற வேலை. ஊரில் ஆள் பிடித்து, கிளியர் ஆன இடங்களில் மட்டும், வீதியோரமாகப் போய், ஒழுங்கை என்று இங்கே சொல்கிற சந்துக்குள் திரும்பி, குப்பிகளை வரிசையாக மண்ணில் குத்தினோம். குப்பிக்குப் பெயர் ஜியோஃபோன். நிலத்துக்கு வைக்கிற காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒழுங்கைதான் யோகக்காவின் வீட்டுக்கும் போகிற வழி. வீடு என்று சொல்லக் கூடாது, நாலு கம்பத்தின் மேல் ஒரு நீலத் தறப்பாள், எங்கள் ஊர்த் தார்ப்பாய். அதற்குப் பின்னால் சிவப்புத் தலை வைத்த கட்டைகளும் மண்டையோடு வரைந்த பலகையும். பலகைக்கு அப்பால் புல் முளைத்த வயல். வயல் ஓரத்தில் ஒரு பாலை மரம், அதன் அடியில் இவர்கள் ஊரைவிட்டுப் போகுமுன் வெட்டிய பதுங்குகுழி. மேலே போட்ட பனங்குற்றிகள் உட்கார்ந்துபோய், வாய் மட்டும் தெரிந்தது.

"அது நானும் இவரும் வெட்டினது," என்றார் யோகக்கா. "குசினியில உலை கொதிக்கும். பொம்மர் சத்தம் கேட்டா உலையை விட்டிட்டு ஒரே ஓட்டம். கண்ணை மூடிக்கொண்டும் ஓடுவன்."

பொம்மர் என்பது குண்டு போடுகிற விமானம். அவர் சொல்லி முடித்த கையோடு, வீட்டு வாசலில் நான் ஒரு குப்பியைக் குத்தட்டுமா என்று கேட்டேன். "குத்துங்கோ, எங்கட நிலம் என்ன சொல்லுது எண்டு எங்களுக்கும் சொல்லுங்கோ," என்றார். அன்று மத்தியானம் குளத்து விரால் மீன் குழம்பு அவர் சமையல். தேங்காய்ப்பாலை அந்த மாதிரித் தாராளமாக ஊற்றி எங்கள் வீட்டில் சமைத்தால் என் மனைவி கணக்குக் கேட்பாள். நானா தட்டை வழித்துச் சாப்பிட்டார். அவருடைய குடும்பமும் முல்லைத்தீவை விட்டுப்போய்ப் புத்தளத்தில் கிடந்து, அவர் மட்டும் திரும்பி வந்து வேன் ஓட்டுகிறார். "வீட்டில பொம்பிளையள் வரமாட்டம் எண்டு நிக்கினம்," என்றார். "உங்கட வீட்டில தலைகீழ்."

"இப்ப இந்த ஆழத்தைப் பாத்து என்ன எடுக்கப்போறியள்? தங்கமோ, எண்ணெயோ?" என்று நானா என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் எடுக்கப்போறதில்லை நானா. எப்படி இருக்குன்னு பார்க்கணும், அவ்வளவுதான்."

"அதுக்கோ கப்பல் ஏறி வந்தனீங்கள்!" என்று அவர் சிரிக்க, யோகக்காவும் சிரித்தார். தர்மலிங்கம் அண்ணன்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெடிக்கு முந்தின நாள் ஒரு மோட்டார் சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்கச் சொன்னார்கள்: "நாளை காலை வெடிபொருட்கள் அழிக்கப்படும். பெரிய சத்தம் கேட்கும். பொதுமக்கள் பயப்பட வேண்டாம்." அது போதாதென்று நகுலன் என்னையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எனக்கும் ஒரு வேண்டுகோள் இருந்தது. வெடித்த பிறகு அரை நிமிடம் யாரும் நடக்கக் கூடாது, மாட்டை அவிழ்க்கக் கூடாது, தண்ணீர் இறைக்கிற மெஷின் ஓடக் கூடாது. ஆழத்திலிருந்து வருகிற முனகல் அவ்வளவு சின்னது. பக்கத்தில் ஒருவர் நடந்தாலே அதை அமுக்கிவிடும்.

"வெடி கேட்டா அசையாமல் இருக்க எங்களுக்கு ஆரும் சொல்லித்தரவேணுமே?" என்றார் யோகக்கா. "நீங்கள் போய் உங்கட ஊர்ச்சனத்துக்குச் சொல்லுங்கோ. தீபாவளிக்கு அவை பண்ணுற கூத்து! முதல் வருசம் முகாமில நான் கட்டிலுக்குக் கீழ இருந்து வெளியில வரேல்ல."

"அதுதான் சொல்லுறன் அக்கா," என்றார் நகுலன், சிரிக்காமல். "இது நாங்கள் வைக்கிற வெடி. கனக்கத் தூரத்தில. உங்களுக்கு ஒண்டும் வராது. வாசலில கதிரையைப் போட்டுக்கொண்டு இருங்கோ. விளங்குதோ?"

"விளங்குது, விளங்குது."

மறுநாள் காலை வானம் வெளுத்து, காற்றுக்கூட இல்லை. எனக்கு அதைவிட என்ன வேண்டும்? வீதியில் நிறுத்திய வேனுக்குள் பதிவுக்கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானா இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். நகுலன் குழிப்பக்கம் இருந்தார், கையில் வாக்கிடாக்கி. பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது. பால் இல்லாத அந்தத் தேநீர் எனக்கு அன்றுதான் ருசிக்கத் தொடங்கியிருந்தது.

முதலில் நிலம் உதைத்தது. பிறகுதான் சத்தம் வந்து வேனின் கண்ணாடியைத் தட்டியது. ஊர் அப்படியே உறைந்துபோனது. நாய்கூடக் குரைக்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆழத்துக் குரல் வந்து சேருகிற நேரம் அது. என் வாழ்க்கையில் இப்படி ஓர் அமைதி எந்த ஊரிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்போது இன்னொரு வெடி. சின்னது. பட்டென்று ஒன்று.

"சீ!" என்று தொடையில் அடித்துக்கொண்டேன். குழியில் மிச்சம் கிடந்தது ஏதோ தாமதமாக வெடித்துவிட்டது, என் பதிவு பாழ் என்று ஆத்திரம். நானாவும் குழிப்பக்கம்தான் பார்த்தார். பதிவு முடிந்து திரையில் கோடுகள் விழத் தொடங்கின. பெரிய வெடி குழியிலிருந்து கிளம்பி வரிசை நெடுக ஒழுங்காக நகர்ந்து போயிருந்தது. பதினோராவது விநாடிக்குப் பக்கத்தில், மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், ஓட்டின் அடியிலிருந்து வந்த எதிரொலி. எதற்காகக் கடல் தாண்டி வந்தேனோ அது. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சின்ன வெடி குழியிலிருந்து வரவில்லை. வரிசையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. எந்தக் குப்பியில் முதலில் விழுந்தது என்று விரலை வைத்துப் பார்த்தேன். யோகக்கா வீட்டு வாசலில் நான் குத்தியது. அதே குப்பியில், வெடிக்கு முன்னால், வரிசையாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ இருந்தது. ஒரே சீரான இடைவெளி. இருபது வருடமாக நான் இரைச்சல் என்று ஒதுக்குகிற சமாசாரம் அது, பார்த்தவுடனே தெரியும். மனிதர் ஓடுகிற காலடி. தொடங்கும்போது பலமாகவும், போகப் போக மெலிந்தும், வீட்டைவிட்டு விலகி ஓடுகிற காலடி.

"நானா, யோகக்கா!" என்று கத்தினேன். என்ன நடந்ததென்று அந்த ஊரில் முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான். அந்த அறிவை நான் யாரிடம் கேட்டேன்?

நாங்கள் போனபோது தர்மலிங்கம் அண்ணனை அயல்வீட்டுக்காரர்கள் இருவர் இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கட்டைகளுக்கு அப்பால், பாலை மரத்தடிப் பதுங்குகுழிக்குப் போகிற பாதி வழியில், யோகக்கா கிடந்தார். நினைவு தப்பவில்லை. "வராதேங்கோ! வராதேங்கோ! அவரை விடாதேங்கோ!" என்று கத்திக்கொண்டிருந்தார். தனக்காக ஒரு சொல் கத்தவில்லை.

நகுலனின் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆனால் ஓடி வந்தவர்கள் கட்டையருகில் வந்ததும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு மேல் ஓட முடியாது. ஒரு முழ அகலத்துக்கு நிலத்தைத் துழாவி, ஊசியால் குத்திப் பார்த்து, வெள்ளைத் துணி போட்டு, பிறகு அடுத்த முழம். நகுலன் குப்புறப் படுத்து முன்னால் போனார். முதுகு முழுக்க வியர்வை. கண்ணுக்கு எதிரே ஒரு பெண் இரத்தத்தில் கிடக்க, நாங்கள் எல்லோரும் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதைவிடக் கொடுமையான ஒன்றை நான் பார்த்ததில்லை. வழியில் நகுலன் இன்னொரு மிதிவெடியை எடுத்தார்.

"நான் நிலத்தில விழுந்து படுத்திட்டன்," என்று தர்மலிங்கம் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். "அவளும் பக்கத்தில படுத்திருக்கிறாள் எண்டு நினைச்சனான். தலையைத் தூக்கிப் பாத்தா இல்லை. பக்கத்திலதான் இருந்தவள், கதைச்சுக்கொண்டுதான் இருந்தவள்."

நானாவும் நானும் வேனுக்குள் இருந்த கருவி எல்லாவற்றையும் வீதியில் தூக்கிப் போட்டோம். நகுலனின் ஆட்கள் காலைக் கட்டி இரத்தத்தை நிறுத்தி அவரை ஏற்றினார்கள். வவுனியா ஆஸ்பத்திரி வரைக்கும் நானாவின் உதடு பிரார்த்தனையில் அசைந்துகொண்டே இருந்தது. சாவடியில் சிப்பாய்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உடனே தடையைத் தூக்கினார்கள். அன்று யாரும் எதையும் திறந்து காட்டச் சொல்லவில்லை.

உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மூன்றாம் நாள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். எங்கள் ஊரில் இதையே சாத்துக்குடி என்போமா ஆரஞ்சு என்போமா என்று நானாவோடு வழியெல்லாம் பேசிக்கொண்டு போனேன். வேறு எதைப் பேச? வார்டில் தர்மலிங்கம் அண்ணன் சுவரோரமாக நின்றார். அவருக்குப் போட்ட நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார். யோகக்காவின் முகம் வெளிறிச் சின்னதாகிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் போர்வையைக் கால்மாட்டில் இழுத்துவிட்டார்.

"என்ர ஓட்டத்தால உங்கட வேலை பழுதாப் போச்சே தம்பி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்லைக்கா. ஒண்ணும் பழுதாகலை. எல்லாம் நல்லா வந்திருக்கு."

"எனக்குத் தெரியும் தம்பி, அது எங்கட ஆக்கள் வைக்கிற வெடி எண்டு. நகுலன் தம்பி வடிவாச் சொன்னவர். தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனான். சத்தம் கேட்டதும் கால் கேக்கேல்ல. பாதி வழியில, எடி யோகம், நிப்பாட்டு எண்டு மனம் சொல்லுது, கால் பாட்டுக்கு ஓடுது." போர்வை ஓரத்தை நீவிவிட்டபடி, "நான் ஓடினது உங்கட மிசினில விழுந்திருக்குமோ?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "விழுந்திருக்கு அக்கா."

"அதை அழிச்சுப்போடுங்கோ," என்றார். "அவ்வளவு சொல்லியும் ஓடியிருக்கிறாள் எண்டு ஆரும் பாத்தா வெக்கம்."

தர்மலிங்கம் அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நாங்கள் அங்கயே இருந்திருக்கலாம்," என்றார், என்னிடமா யோகக்காவிடமா என்று தெரியாதபடி. "முகாமில இருந்திருக்கலாம். நான் சொன்னனான்." யோகக்கா கண்ணை மூடிக்கொண்டார். இமை ஓரத்தில் நீர் வழிந்தது. நானா தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கி, உரித்ததை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் நகுலன் வந்தார். சீருடையோடு, நேரே வேலை முடிந்து வந்திருக்கிறார், முழங்காலெல்லாம் செம்மண். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றும் யோகக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும்," என்றார். "விபத்து நடந்த காணி எண்டு உங்கட வயலைப் பதிஞ்சாச்சு. அப்பிடிப் பதிஞ்சா அது எல்லாத்துக்கும் முன்னுக்கு வந்திடும். அது எங்கட விதி. திங்கட்கிழமை தொடங்கிறம்."

யோகக்கா கண்ணைத் திறந்தார். "எங்கட வயலோ?"

"ஓம்."

"முழுக்கவோ?"

"முழுக்க அக்கா."

கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். தாதி ஓடி வந்து தோளைப் பிடித்தார். யோகக்கா அதைக் கவனிக்கவே இல்லை. "மழைக்கு முன்னம் முடிச்சுத் தருவியளோ?"

"மழைக்கு முன்னம் முடிச்சுத் தருவம்," என்றார் நகுலன். அவர் குரல் உடைந்துவிட்டது.

யோகக்கா கணவரின் பக்கம் திரும்பினார். "இஞ்சேருங்கோ, கேட்டனீங்களே? இந்தப் போகம் விதைக்கலாம். நெல்லுமூட்டையை ஈரம் படாமல் எடுத்து வையுங்கோ. தறப்பாளுக்குக் கீழ வையாதேங்கோ, எலி வரும்." தர்மலிங்கம் அண்ணன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். நகுலன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். நானாவுக்கும் எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"ஏன் எல்லாரும் இப்பிடி நிக்கிறியள்?" என்றார் யோகக்கா. முகமெல்லாம் சிரிப்பு. அந்த வார்டில் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.